கிரெட்டா அக்கா விமானத்தைச் சட்டென்று நிறுத்தியது பற்றி

என் பெயர் டேனெல் வில்லர்ட். வயது பதினேழு. தென்கிழக்கு அலாஸ்காவில் லாங்ஹவுஸ் பே கிராமத்தில், விமான மேடைக்கு மேலே இருக்கும் பச்சைத் தகர வீட்டில், என் தாய்மாமன் எல்வுட் ஆண்ட்ரூஸுடன் குடியிருந்து வருகிறேன். வீட்டுக்கு எண் கிடையாது. என் தாயார் ஜூனோவில் மருத்துவமனைச் சமையலறையில் வேலை பார்ப்பதால் அங்கேயே தங்கியிருக்கிறார். நான் பத்தாம் வகுப்போடு பள்ளியை விட்டுவிட்டேன். அதற்கான காரணம் இந்த விசாரணைக்குத் தேவையில்லை. தண்ணீரில் இறங்கி வரும் விமானங்களை மேடையில் பிடித்துக் கட்டுவதும், அவை வருவதற்கு முன்னால் இறங்கும் பாதையைப் படகில் போய்ப் பார்த்து வருவதும் என் வேலை.

காவலர் மெண்டோசா அவர்கள் நேற்று ஊர் மன்றத்தில் என்னை உட்கார வைத்து, நடந்ததை வாயால் சொல்லச் சொன்னார்கள். மன்றத்தில் பாதி ஊர் இருந்தது. நான் ஆரம்பித்த ஒவ்வொரு வாக்கியத்தையும் வேறு யாரோ முடித்து வைத்தார்கள். அதன் பிறகு காவலர் அவர்கள் பள்ளிக்கூடத்தில் ஓர் அறையைத் திறந்து காகிதமும் பேனாவும் கொடுத்து, பார்த்ததை மட்டும், பார்த்த வரிசையில் எழுதும்படி சொன்னதால் எழுதுகிறேன். இங்கே குறுக்கே பேச ஆள் இல்லை.

போன செவ்வாய்க்கிழமை காலையில் பல் மருத்துவர் டாக்டர் பெல்லமி வருவதாக இருந்தது. எங்கள் ஊருக்குப் பல் மருத்துவர் வருடத்தில் இரண்டு தடவைதான் வருவார். முந்தின தடவை மூடுபனியால் விமானம் திரும்பிப் போய்விட்டது. ஆகவே போன இலையுதிர் காலத்திலிருந்து பல்வலியோடு இருக்கிறவர்கள் எல்லாரும் அன்று மேடையில் வந்து நின்றார்கள். என் கடைவாய்ப் பல்லும் அந்த வரிசையில் இருந்தது. விமானத்தை ஓட்டி வந்தவர் கிரெட்டா ஹால்வர்சன். அவர் பக்கத்துத் தீவில் மீன்பிடிக் குடும்பத்தில் பிறந்தவர். நான் சிறுமியாக இருந்த நாள் முதல் எங்கள் ஊருக்கு அவர்தான் விமானம் ஓட்டுகிறார். நான் அவரை அக்கா என்றுதான் கூப்பிடுவேன்.

அன்று மூடுபனி எதிர்பார்த்ததைவிடச் சீக்கிரமாக விலகிவிட்டதால் விமானமும் முன்னதாகவே கிளம்பிவிட்டது. காற்றே இல்லை. தண்ணீர் கண்ணாடியாகக் கிடந்தது. கண்ணாடித் தண்ணீர் பார்க்க அழகாக இருக்கும் என்று வெளியூர்க்காரர்கள் சொல்வார்கள். மேலிருந்து இறங்குகிறவருக்கு அதைவிட மோசமான தண்ணீர் கிடையாது. தண்ணீர் எங்கே இருக்கிறது என்றே கண்ணுக்குத் தெரியாது. மலையும் மேகமும்தான் தெரியும். அப்படிப்பட்ட நாளில் விமானத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தாழ்த்திக்கொண்டே வந்து, தானாகத் தண்ணீரைத் தொடும்வரை காத்திருக்க வேண்டும். அதற்கு நீளமான பாதை வேண்டும். எங்கள் விரிகுடாவில் அவ்வளவு நீளம் இல்லை. ஆகவே எங்கள் ஊர் வழக்கப்படி, விமானம் வருவதற்கு முன் ஒரு படகு பாதையில் வளைந்து வளைந்து ஓடி, தண்ணீரைக் கலக்கி அலை உண்டாக்கிவிட்டு ஓரத்துக்குப் போய்விடும். அலை தெரிந்தால் தண்ணீர் தெரியும். தண்ணீர் தெரிந்தால் விமானி நினைத்த இடத்தில் தொடலாம்.

கிரெட்டா அக்கா வாக்கி டாக்கியில் கூப்பிட்டார். "டேனெல், கண்ணாடியா கெடக்கு போலிருக்கே. கொஞ்சம் கலக்கி விடும்மா. டாக்டர் வேற பக்கத்துல உக்காந்து படம் புடிக்கிறாரு, நல்லா காமிக்கணும்" என்றார். நான் பொத்தானை இரண்டு தடவை தட்டினேன். சரி என்பதற்கு இரண்டு தட்டு, வேண்டாம் என்பதற்கு ஒரே நீளத் தட்டு. நான் வாக்கி டாக்கியில் பேசுவதில்லை. இது ஊருக்கே தெரியும். ஊருக்கே தெரியும் என்பதுதான் இப்போது தொந்தரவாகிவிட்டது. அதைப் பிறகு எழுதுகிறேன்.

அதன் பிறகு நான் படகை எடுத்துக்கொண்டு, அவசரத்தில் எதிர்க்கரையை ஒட்டிப் போய், விரிகுடாவின் வாய்ப்பக்கமாகப் பாதையின் வெளிப்பாதியைக் கலக்கினேன். டாக்டர் பெல்லமி தன் புகாரில், ஒரு பெண் படகை விமானத்துக்குக் குறுக்கே ஓட்டினாள் என்று எழுதியிருப்பதாகக் காவலர் சொன்னார்கள். நான் குறுக்கே ஓட்டியது உண்மை. விமானம் அப்போது மலைக்கு அந்தப் பக்கம் இருந்தது. குறுக்கே ஓட்டாமல் தண்ணீரைக் கலக்க முடியாது. இதை மன்றத்தில் மூன்று பேரிடம் சொல்லிவிட்டேன். நான்காவது தடவையாக இங்கே எழுதுகிறேன்.

அதன் பிறகு விமானச் சத்தம் கேட்டதால், நான் ஓரத்தை ஒட்டி ஊர்ப்பக்கமாகத் திரும்பி வந்தேன். பழைய மீன் ஆலையின் கட்டைக்கால்கள் தண்ணீரில் நிற்கும் இடத்துக்கு வந்தபோது, ஒரு கட்டைக்காலில் புதிய நீலக்கயிறு சுற்றியிருந்ததைப் பார்த்தேன். கயிறு அங்கிருந்து பாதைக்குக் குறுக்கே, தண்ணீரை ஒட்டி, நீளமாகப் போயிற்று. அதன் கோடியில் ஒரு வெள்ளை பிளாஸ்டிக் கேன், மிதப்பு, பாதி அமிழ்ந்து கிடந்தது. கீழே ஹெம்லாக் என்ற ஊசியிலை மரத்தின் பெரிய கிளை கட்டியிருந்தது; அதை நாங்கள் மரம் என்றும் சொல்வோம். சித்திரை மாதத்து ஹெர்ரிங் மீன் வந்து கிளையில் சினை ஒட்டிவிட்டுப் போகும் என்பதற்காக வைப்பது. சினை ஏற ஏறக் கிளை பாரமாகி மிதப்பை இழுத்துவிடும். இது யாருக்கும் புதிதல்ல. இறங்கும் பாதையில் கிளை வைக்கக்கூடாது என்பதும் யாருக்கும் புதிதல்ல. மேடையில் பெரிய எழுத்தில் பலகையே இருக்கிறது.

நான் திரும்பிப் பார்த்தபோது, விமானத்தின் மிதவைகள் நான் கலக்கிய அலையின் மேல் தொட்டுவிட்டன.

காவலர் அவர்கள் இரண்டு கேள்வி கேட்டார்கள். அவர் ஏன் மறுபடி மேலே தூக்கிப் போகவில்லை என்பது முதல் கேள்வி. எதிரே ஊர் இருக்கிறது, ஊருக்குப் பின்னால் மலை இருக்கிறது, தொட்ட பிறகு ஏறுவதற்குப் பாதை போதாது. அவர் ஏன் மெதுவாகப் பிரேக் போடவில்லை என்பது இரண்டாவது. அதை டாக்டர் பெல்லமியும் கேட்டார், ஊர்ச்சபைக் குமாஸ்தாவும் கேட்டார், விமான நிறுவனத்திலிருந்து தொலைபேசியில் பேசிய ஒருவரும் கேட்டார். அவருக்காவது தெரிந்திருக்கலாம். மிதவை வைத்த விமானத்துக்குத் தண்ணீரில் பிரேக் கிடையாது. சக்கரம் இருந்தால்தானே பிரேக்.

அது நிற்கும் விதம் இது. மிதவை தொட்டதும் விமானம் தண்ணீருக்குள் உட்கார்ந்துவிடாது. தட்டையான கல்லை எறிந்தால் தத்திப் போகுமே, அதுபோல மேலாகவே வழுக்கி ஓடும். மிதவையின் அடியில் படி மாதிரி ஒரு வெட்டு இருக்கிறது. அதன் மேல்தான் ஓடும். எஞ்சினைக் குறைத்தவுடன் மூக்கு லேசாக நிமிரும், வால்பக்கம் தாழும், மிதவைகள் தண்ணீருக்குள் இறங்கும். இறங்கியதும் தண்ணீர் பிடித்துக்கொள்ளும். அவ்வளவுதான். ஓடுதளத்தில் இறங்கும் விமானம் ஓடுகிற தூரத்தில் பாதிகூட வேண்டாம். இன்னும் சீக்கிரமாக நிற்க வேண்டுமானால், இறக்கையின் பின்மடிப்பை உடனே மேலே தூக்கிவிட்டு, ஓட்டும் பிடியை வயிற்றோடு சேர்த்து இழுத்துக்கொள்ள வேண்டும். அப்போது இறக்கை தூக்குவதை விட்டுவிடும், முழுப் பாரமும் மிதவையின் மேல் விழும், வாளியைக் கவிழ்த்து ஆற்றில் இழுத்தால் எப்படி இருக்குமோ அப்படித் தண்ணீர் இழுத்துப் பிடிக்கும். உள்ளே இருப்பவருக்கு யாரோ சட்டையைப் பிடித்து இழுத்தது போல் இருக்கும். இவையெல்லாம் கிரெட்டா அக்கா பல தடவை மேடையில் உட்கார்ந்து காப்பி குடிக்கும்போது சொன்னது. நான் பார்த்ததும் இதுதான்.

அவர் அன்று அப்படி நிறுத்தியதற்குக் காரணம் நான். நான் பொத்தானை அழுத்தி, வாயால் பேசினேன். "கிரெட்டா அக்கா, முன்னால கயிறு. நிறுத்துங்க. இப்பவே" என்று சொன்னேன். இதே சொற்கள். ஒரு சொல் கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

அவர் நிறுத்தினார். மூக்கு நிமிர்ந்தது, இரண்டு பக்கமும் தண்ணீர் சுவர் போல எழுந்தது, அது விழுந்தபோது விமானம் கயிற்றை எட்டுவதற்கு முன்பே அமர்ந்திருந்தது. ஓடும் வேகத்தில் மிதவை கயிற்றில் மாட்டியிருந்தால் விமானம் மூக்குக் குப்புறக் கவிழ்ந்திருக்கும். அப்படிக் கவிழ்ந்த விமானம் ஒன்றை நான் பார்த்திருக்கிறேன். அதைப் பற்றி எழுத மாட்டேன்.

நின்ற பிறகும் அது நிற்பதில்லை. எஞ்சின் ஓடும்வரை மெதுவாக நகர்ந்துகொண்டேதான் இருக்கும். அவர் எஞ்சினை அணைப்பதற்குள் மெதுவாக முன்னால் நகர்ந்து, மிதவையின் பின்னால் இருக்கும் சிறு சுக்கான் கிளையில் மாட்டிக்கொண்டது. நான் படகோடு பக்கத்தில் போனேன். இரண்டாவது தடவையாக நான் குறுக்கே போனதாக டாக்டர் சொல்வது இதைத்தான். கிரெட்டா அக்கா கதவைத் திறந்து மிதவையின் மேல் இறங்கி, குனிந்து, சுக்கானில் மாட்டிய கிளையைத் தூக்கிப் பார்த்தார். விரல் தடிமனுக்குச் சினை ஏறியிருந்தது.

"இது யாரு வீட்டுச் சாப்பாடு?" என்று கேட்டார்.

நான் படகை மிதவையோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டேன். அவர் ஒரு சிறு குச்சியை ஒடித்துப் பல்லில் உருவிச் சாப்பிட்டார். "நல்லாத்தான் இருக்கு. ஆனா இங்க ஏன் இருக்கு?" என்றார்.

அப்போது டாக்டர் பெல்லமி உள்ளேயிருந்து வாயைக் கைக்குட்டையால் பொத்திக்கொண்டு எட்டிப் பார்த்தார். படம் பிடிப்பதற்காக அவர் இருக்கைப் பட்டையைக் கழற்றிவிட்டு, நான் பேசுவது கேட்கும்படி காதில் மாட்டியிருந்த ஹெட்ஃபோனையும் எடுத்துவிட்டு, முன்னால் சாய்ந்திருக்கிறார். விமானம் நின்றபோது கையிலிருந்த கேமராவே வாயில் இடித்துவிட்டது. முன்பல் ஒன்று பாதி உடைந்திருந்தது. பல் மருத்துவருக்குப் பல் உடைந்ததை வைத்து ஊரில் இப்போது பல விதமாகப் பேசுகிறார்கள். எனக்கு அதில் சிரிப்பு வரவில்லை. அவருக்கு நிஜமாகவே வலித்தது. பல்வலி எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

"பிரேக் போடறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?" என்றார் டாக்டர்.

"இதுல பிரேக்கே கிடையாது டாக்டர்."

"அப்ப எது நிறுத்துச்சு?"

"தண்ணி."

"தண்ணி மேலயா நான் புகார் குடுக்கறது?" என்றார். பிறகு கிரெட்டா அக்காவின் பெயரையே எழுதிக் கொடுத்துவிட்டார். எதிரே ஒரு தடையும் இல்லை என்றும், விமானி வேடிக்கை காட்டுவதற்காக அப்படி நிறுத்தினார் என்றும் எழுதியிருக்கிறார். அவர் உட்கார்ந்த இடத்திலிருந்து கயிறு தெரிந்திருக்காது. அவர் பொய் சொன்னார் என்று நான் சொல்லவில்லை. அன்று மாலைக் கப்பலில் அவர் பெட்டியைத் திறக்காமலே திரும்பிப் போய்விட்டார்.

அதன் பிறகு நான் கயிற்றை விலக்கி, விமானத்தைப் படகால் இழுத்து வந்து மேடையில் கட்டினேன். மேடையில் மாமா நின்றிருந்தார். அவர் விமானத்தைப் பார்க்கவில்லை. சுக்கானில் தொங்கிய கிளையைத்தான் பார்த்தார். பிறகு என் படகை எடுத்துக்கொண்டு மீன் ஆலைக் கட்டைக்கால்கள் பக்கமாகப் போனார்.

அந்தக் கயிறும் கிளையும் என் மாமா எல்வுட் ஆண்ட்ரூஸுடையவை. நீலக்கயிறு எங்கள் வீட்டுக் கொட்டகையில் இருந்தது. வெள்ளைக் கேன் எங்கள் வீட்டு பிளீச் கேன். அதில் முடிச்சுப் போடும் விதம் அவருடையது. பாதையில் கிளை வைக்கக்கூடாது என்ற பலகையை ஊர்ச்சபைத் தலைவர் என்ற முறையில் எழுதி மாட்டியவரும் அவரே. அதற்காக அவர் எழுத்துக்குத் தனியாகப் பெயிண்ட் வாங்கினார்.

மதியத்துக்குள் அந்தக் கிளைகள் ஊர் முழுக்கப் போய்விட்டன. சினையை எங்களில் யாரும் விற்பதில்லை. எடுத்தால் எல்லார் வீட்டுக்கும் போக வேண்டும். மாமா வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுத்தார். வெந்நீரில் காட்டி, கடல்நாய் எண்ணெயிலும் சோயா சாஸிலும் தொட்டு எல்லாரும் சாப்பிட்டுவிட்டார்கள். குச்சிகள் மீன் புகைபோடும் கொட்டகைக்குப் போய்விட்டன. கயிற்றையும் கேனையும் மாமா எங்கே வைத்தார் என்று எனக்குத் தெரியாது. ஆகவே காவலர் அவர்கள் நேற்று வந்து தடையாக இருந்த பொருள் எங்கே என்று கேட்டபோது, ஊரில் காட்டுவதற்கு ஒன்றும் மிச்சமில்லை. கடைசி மிச்சத்தை நேற்று இரவு எங்கள் வீட்டு மேசையில் காவலர் அவர்களே சாப்பிட்டார்கள். இரண்டாம் தடவையும் வாங்கிக்கொண்டார்கள். அது என்ன என்று நான் சொல்ல வாயெடுப்பதற்குள் மாமா சோயா சாஸை நகர்த்தி வைத்தார்.

இனி, எல்லாரும் சொல்வது பற்றி.

கிரெட்டா அக்கா நிறுவனத்துக்குக் கொடுத்த அறிக்கையில், பாதையைப் பார்க்கும் பெண் வாக்கி டாக்கியில் கயிறு இருப்பதாகச் சொன்னாள், அதனால் நிறுத்தினேன் என்று எழுதியிருக்கிறார். யாருடைய கயிறு என்று எழுதவில்லை. மாமா ஊர்ச்சபை சார்பில், மிதந்து வந்த கட்டை ஒன்று இருந்தது என்று சொல்லியிருக்கிறார். ஊர்ச்சபைக் குமாஸ்தாவும் கட்டை என்கிறார். அவர் அன்று காய்ச்சலில் படுத்திருந்தார். கயிறு என்று சொன்னது கிரெட்டா அக்கா மட்டும். ஆகவே அவர் பொய் எழுதினார் என்று ஆகிறது. பொய் அறிக்கை என்று ஆனால் அவருடைய உரிமம் போய்விடும் என்று நிறுவனம் சொல்லிவிட்டது. இப்போதே அவரை விமானத்தைத் தொட விடவில்லை. அவருக்கு வேறு வேலை தெரியாது என்று சொல்ல மாட்டேன், தெரியும், ஆனால் அவர் விரும்பும் வேலை இது ஒன்றுதான்.

அதற்கு மேல், கடை வைத்திருக்கும் எடித் அத்தை. அவர் என் அப்பாவின் அக்கா, எனக்கு நல்லது செய்வதாக நினைத்துக்கொண்டு நேற்று மன்றத்தில் எழுந்து நின்றார். "எங்க டேனெலா? ரேடியோவிலயா? சார், இது கடைக்கு வந்து உப்பு வேணும்னுகூட வாயத் திறக்காது. வெரலைக் காட்டும், நான்தான் எடுத்துக் குடுக்கணும். இதப் போயி பேசுச்சுன்னு அந்தப் பைலட்டு பழி போடலாமா?" என்றார். மன்றத்தில் எல்லாரும் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினார்கள். பிறந்தது முதல் என்னைப் பார்க்கிறவர்கள், மொத்தமாக எனக்குச் சாட்சி சொன்னார்கள், நான் பேசவில்லை என்று. நான் பேசினேன் என்று அங்கேயே எழுந்து சொல்லியிருக்கலாம். எனக்கு வரவில்லை. எல்லாரும் என் பக்கம் திரும்பிப் புன்னகை செய்தார்கள். அதனால் இன்னும் வரவில்லை.

நேற்று சாப்பாட்டுக்குப் பிறகு காவலர் அவர்கள் விருந்தினர் அறைக்குப் போனதும் மாமா என்னிடம் பேசினார்.

"கட்டைன்னு சொல்லிடு. முடிஞ்சது. யாருக்கும் நஷ்டமில்ல."

"கிரெட்டா அக்காவுக்கு?"

"அவ நல்ல பைலட்டு. அவளுக்கு ஒண்ணும் ஆகாது."

"கட்டைன்னா அது இப்ப எங்க மாமா?"

"மிதந்து போயிடுச்சு."

"அன்னைக்குத் தண்ணி ஏறிட்டிருந்துச்சு. ஏத்தத்துல கட்டை கரைக்குத்தான் வரும். வெளியில எப்பிடிப் போகும்?"

"என்னையே கேள்வி கேக்கறியா? எதிர்த்துப் பேசறதுக்கு மட்டும் வாய் இருக்கு, கடையில உப்பு கேக்க இல்ல."

நான் தட்டுகளைக் கழுவப் போனேன். எங்களில் தாய்மாமன் சொல்லுக்கு மேல் சொல் இல்லை. அவர் பின்னாலேயே வந்து, துணியை எடுத்துத் தட்டுகளைத் துடைத்தார். அவர் வீட்டில் தட்டுத் துடைத்து நான் பார்த்ததில்லை. "மீனு அந்தப் பக்கம் போச்சு. மீனு போற எடத்துக்குத்தான் கிளை போகும். சாயங்காலம் வெச்சேன், விடியறதுக்குள்ள எடுத்துடலாம்னு நெனச்சேன். மூடுபனின்னா விமானம் வராதுன்னு நீதானே சொன்னே" என்றார். நான் அப்படிச் சொல்லவில்லை. மூடுபனி விலகும்வரை வராது என்றுதான் சொன்னேன்.

நான் பார்த்தது கயிறு. கட்டை அல்ல. கடல்சிங்கமும் அல்ல, நேற்று ஒருவர் கடல்சிங்கம் என்றார். கிரெட்டா ஹால்வர்சன் எழுதியது உண்மை. நான் பேசினேன். அவர் கேட்டார். நிறுத்தினார்.

பின்சேர்க்கை. எனக்குப் பதினெட்டு வயது ஆகாததால், வீட்டுப் பெரியவர் ஒருவர் படித்துப் பார்த்து ஒப்பமிட வேண்டும் என்று காவலர் அவர்கள் சொன்னார்கள். அந்தப் பெரியவர் மாமாதான். இது எனக்கு முன்பே தெரிந்திருந்தால் எழுதியிருப்பேனா என்று தெரியவில்லை. ஆனால் எழுதி முடித்த பிறகுதான் சொன்னார்கள். மாமா பள்ளிக்கு வந்து, குழந்தைகள் உட்காரும் சிறிய நாற்காலியில் உட்கார்ந்து, கண்ணாடி போட்டுக்கொண்டு முழுவதும் படித்தார். பலகைக்குப் பெயிண்ட் வாங்கிய இடத்தில் கொஞ்ச நேரம் நிறுத்தினார். நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

படித்து முடித்ததும் காவலர் அவர்களிடம், "ஒரு எடத்துல தப்பா எழுதியிருக்கா" என்றார்.

"எந்த எடத்துல?" என்றார் காவலர்.

"ஒரு மிதப்பத்தான் எழுதியிருக்கா. நான் வெச்சது ரெண்டு மரம்."

காவலர் பேனாவைக் கீழே வைத்தார்கள். இரண்டாவது மரம் எங்கே என்று கேட்டார்கள்.

"அதைத்தான் நாலு நாளா தேடிட்டிருக்கேன். சினை பாரம் தாங்காம மிதப்பு முழுசா உள்ள போயிடுச்சு போல. கட்டைக்கால்லேருந்து கொஞ்சம் வெளிய, நடுவுல எங்கயோ கெடக்கு. ஆழத்துலதான் கெடக்கும். விமானம் என்ன முங்கியா வருது?" என்றார் மாமா.

நேற்றுக் காவலர் அவர்கள் வந்த விமானத்துக்கும் நான்தான் பாதை பார்த்து இரண்டு தட்டுத் தட்டினேன். மிதப்பு எதுவும் என் கண்ணில் படவில்லை.  

அந்த நேரத்தில் காவலரைத் திரும்ப அழைத்துப் போகும் விமானம் வரும் சத்தம் கேட்டது. கடல் இறக்கத்தில் இருந்தது. தண்ணீர் வற்ற வற்றக் கீழே கிடப்பது மேலே வரும். மாமா வாக்கி டாக்கியைத் தேடித் தன் சட்டையைத் தட்டிப் பார்த்தார்; அது என் இடுப்பில் இருந்தது. ஒரே நீளத் தட்டுத் தட்டினால் வேண்டாம் என்று அர்த்தம். ஆனால் இன்று ஓட்டி வந்தவர் கார்ல் என்ற புதியவர்; அவருக்குத் தட்டுக் கணக்குத் தெரியாது. ஆகவே காவலர் அவர்கள், மாமா, வாசலில் நின்ற எடித் அத்தை ஆகியோர் முன்னிலையில் நான் பொத்தானை அழுத்திப் பேசினேன்.

"இறங்காதீங்க. பாதையில கயிறு இருக்கு. வெளிப்பக்கம் சுத்திட்டு இருங்க, நான் சொல்றேன்."

"சரி, சுத்தறேன். யாரு பேசறது?" என்றார் கார்ல்.

"டேனெல்."

 பிறகு, "டேனெல் பேசாதுன்னு சொன்னாங்களே?" என்றார்.

நான் வாக்கி டாக்கியைத் திரும்ப இடுப்பில் மாட்டினேன்.

அதன் பிறகு காவலர் அவர்களும் மாமாவும் நானும் படகில் போய், கொக்கி போட்டு அடியில் துழாவி, இரண்டாவது மரத்தைக் கண்டுபிடித்து இழுத்தோம். மூன்று பேர் இழுத்தும் படகு ஒருபக்கமாகச் சாய்ந்தது. மரம் முழுவதும் சினையாக இருந்தது. அதில் பச்சை தெரியவில்லை. நீலக்கயிறும் இன்னொரு பிளீச் கேனும் அதோடு வந்தன. காவலர் அவர்கள் படம் எடுத்துக்கொண்டு, கயிற்றின் ஒரு துண்டை வெட்டி உறையில் போட்டார்கள். படகை ஓரத்துக்குக் கொண்டுவந்ததும் நான் கார்லிடம் இறங்கலாம் என்று சொன்னேன். மாமா கிளையைத் தடவிப் பார்த்துவிட்டு, இந்த வருஷம் இவ்வளவு தடிமனாக யாருக்கும் ஏறவில்லை என்றார். காவலர் அதையும் எழுதிக்கொள்ள வேண்டுமா என்று கேட்டார்கள். எழுதிக்கொள்ளுங்கள் என்றார் மாமா. பிறகு, படகிலேயே, என் வாக்குமூலத்தின் கடைசிப் பக்கத்தை முழங்காலில் வைத்து ஒப்பமிட்டார்.

மேலே எழுதியவற்றில் நான் கண்ணால் பார்க்காததும் காதால் கேட்காததும் எதுவும் இல்லை. யாரும் சொல்லிக்கொடுத்து எழுதவில்லை. சொல்லிக்கொடுத்தவர்கள் சொன்னதை எழுதவில்லை. இரண்டு மரம் என்ற திருத்தம் என் சம்மதத்தோடு செய்யப்பட்டது. இதே விஷயத்தை இனி யாராவது கேட்டால் இந்தத் தாள்களைக் காட்டும்படி கேட்டுக்கொள்கிறேன்.

(ஒப்பம்) டேனெல் வில்லர்ட்

பெரியவர் என்ற முறையில், படித்துப் பார்த்தேன், கயிறு என்னுடையது:
(ஒப்பம்) எல்வுட் ஆண்ட்ரூஸ்

என் முன்னிலையில் எழுதி ஒப்பமிடப்பட்டது. மேற்படி பெண் வாக்கி டாக்கியில் பேசியதை நானே கேட்டேன்:
(ஒப்பம்) காவலர் மெண்டோசா